விகடகவியைத் 'தவறு' என்ற கம்ப்யூட்டர்



"டிப்ளமோ படிக்கிறவனுக்கு இலக்கியம் எதுக்குப்பா? அரியர் இல்லாம பாஸாகுற வழியைப் பாரு" என்பவர்கள் நம்மில் நிறைய உண்டு. முதலாமாண்டில் நானும் அதையேதான் சொன்னேன். பாலக்கோடு தக்காளி மண்டியில் கூடை தூக்குகிறவர் என் அப்பா. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். கவிதையெல்லாம் வசதியானவங்க சமாச்சாரம் என்றிருந்தேன்.

ஒருநாள் லேப்பில் பாலிண்ட்ரோம் புரோகிராம். 'மலையாளம்' என்பதை ஆங்கில எழுத்தில் கொடுத்தால், திருப்பிப் பார்த்து 'சரி' என்கிறது. நம்ம 'விகடகவி'யைக் கொடுத்தேன். 'தவறு' என்றது! காரணம் பிறகுதான் புரிந்தது. யூனிகோடில் 'வி' ஒரே குறியீடு அல்ல. 'வ' ஒன்று, மேலே உள்ள கொக்கி இன்னொன்று. கம்ப்யூட்டர் கணக்கில் விகடகவிக்கு ஏழு. திருப்பும்போது கொக்கி முன்னால் வந்து நின்றுவிடுகிறது. வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். எழுதப் படிக்கத் தெரியாதவர், வாயால் சொல்லி விரல் விட்டு எண்ணினார்: அஞ்சு! உயிர்மெய்யைப் பிரிக்காமல் ஒன்றாகக் கட்டித் திருப்பியதும் புரோகிராமும் ஒத்துக்கொண்டது.

இதற்குத் தமிழில் மாலைமாற்று என்று பெயர். 7-ஆம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் இப்படிப் பாடியிருக்கிறார். நாகபந்தம் என்று ஒன்று உண்டு. பாம்பு உடல்கள் பின்னிக் குறுக்கிடும் கட்டத்தில் நிற்கும் எழுத்து இரண்டு பக்கத்துக்கும் பொது. ஒரே மெமரியை இரண்டு வேரியபிள் பங்குபோடுகிற மாதிரி! இவற்றுக்குச் சித்திரகவி என்று பெயர் வைத்து, 'வெறும் சொல் விளையாட்டு' என்று ஒதுக்கியும் விட்டார்கள்.

பிரான்சில் ரேமோன் கெனோ 1961-இல் 14 வரிப் பாடல்கள் பத்தை, வரிவரியாக நறுக்கிப் புத்தகமாக்கினார். எந்த வரியையும் மாற்றிச் சேர்க்கலாம். 100 லட்சம் கோடி பாடல் வரும். அதை டிஜிட்டல் இலக்கியத்தின் முன்னோடி என்கிறது உலகம். நம்முடையது மட்டும் வித்தையா? சித்திரகவி எல்லாமே நல்ல கவிதை என்று வாதாட வரவில்லை. பல பாட்டு உரை இல்லாமல் எனக்கே புரியவில்லை. ஆனால் செல்போனில் கவிதையை டைப் அடித்து ஸ்டேட்டஸ் வைப்பதை டிஜிட்டல் இலக்கியம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். காகிதத்தில் முடியாததை அது செய்ய வேண்டாமா? அதற்குத் தமிழ் எழுத்தும் தெரியணும், புரோகிராமும் தெரியணும். தமிழ் மீடியத்திலிருந்து வந்த நம்மிடம் இரண்டுமே இருக்கிறதே!

அடுத்து நாகபந்தம் வரையும் புரோகிராம் எழுத முயல்கிறேன். பாம்பின் வளைவு மட்டும் வரமாட்டேன் என்கிறது. டிராயிங்கில் கெட்டியான மெக்கானிக்கல் நண்பர்கள் யாராவது வாங்கப்பா!