மௌனத்தைப் பொறுக்க மாட்டோமா?

சென்ற மாதம் மூன்று தமிழ்ப் படங்கள் பார்த்தேன். ஒன்று பழையது, இரண்டு புதியவை. காதலர்கள் மரத்தைச் சுற்றி ஆடிப்பாடும் காட்சி மூன்றிலும் கிடையாது. விமர்சகனின் தீர்ப்பாக அல்ல, சாதாரண ரசிகனின் அபிப்பிராயமாகவே இதை எழுதுகிறேன்.

முதலாவது, 1954-இல் ஏ.வி.எம். வெளியிட்ட ‘அந்த நாள்’. டைரக்ஷன் எஸ். பாலசந்தர். படம் தொடங்கியதுமே சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார். சுட்டது யார்? ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். சென்னையில் ஜப்பானியர் குண்டு விழுந்த 1943-ஆம் வருஷத்துக் கதை. கதாநாயகனையே தேசத் துரோகியாகக் காட்ட அன்று எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்! சிவாஜிக்குச் சற்றும் சளைக்கவில்லை பண்டரிபாய். முடிவில் கொஞ்சம் உபதேச வாடை அடிக்கிறது, பாதகமில்லை.

இரண்டாவது, பி. எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ (2021). ராட்டர்டாம் விழாவில் ‘டைகர்’ விருது பெற்ற படம். கோபித்துக்கொண்டு பிறந்தகம் போன மனைவியை அழைத்து வர, குடிகாரத் தகப்பன் மகனையும் இழுத்துக்கொண்டு போகிறான். திரும்பும்போது வெயிலில் இருவரும் நடக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. தாகம் தணியப் பையன் ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொள்கிறான். வீடு வந்து அதை வைக்கிற இடத்தில் முன்பே பல கற்கள் கிடக்கின்றன! அங்கே வசனம் எதுவுமில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது.

மூன்றாவது, அவரே எடுத்த ‘கொட்டுக்காளி’ (2024). இதில் பின்னணி இசைகூட இல்லை. வேறு சாதிப் பையனை விரும்பிய பெண்ணுக்குப் பேய் பிடித்துவிட்டதாம். ஓட்டுவதற்கு உறவினர் கூட்டமாக ஆட்டோவில் அழைத்துப் போகிறார்கள். அவள் வாயே திறப்பதில்லை என்று சொல்லலாம்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் படத்தை முதலில் கைபேசியில், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் பார்த்தேன். ‘ரொம்ப மெதுவான படமப்பா’ என்று நண்பர்களிடம் சொல்லியும் திரிந்தேன். ஆய்வுக்கூடத்தில் ஒரு படிகம் விளைய மூன்று நாள் காத்திருக்கிறவன், ஒரு பெண்ணின் மௌனத்துக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருக்கவில்லை! வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் உரிய வேகத்தில் திரும்பப் பார்த்தேன். அவள் பேசாதிருப்பது பயத்தால் அல்ல, பிடிவாதத்தால் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

நம் சங்கத்தில் படம் தேர்ந்தெடுக்கும்போதெல்லாம், ‘இதையெல்லாம் ஜனங்கள் ரசிக்க மாட்டார்கள்’ என்ற பேச்சு எழுகிறது. யார் அந்த ஜனங்கள்? நாம்தானே!

பாட்டுப் படங்களை நான் பழிக்கவில்லை. ஊரை விட்டு வந்தவனுக்கு ஒரு பழைய பாட்டு எத்தனை ஆறுதல் என்பதை அறிவேன். ஆனால் வேற்றுமொழி நண்பர்களையும் அழைத்து உட்காரவைக்கிறோமே, அந்தக் காட்சிகளில் ஒரு தடவையாவது இவற்றில் ஒன்றைப் போடுவோம். கைபேசிகளை வாசலில் வைத்துவிட்டு வருவோம். பிடிக்காவிட்டால் என்னோடு சண்டை போடுங்கள். ஆனால், நண்பர்களே, முழுவதும் பார்த்துவிட்டுச் சண்டை போடுங்கள்!