மூன்று நாள் மௌனம் யாருக்கு லாபம்?

வெள்ளிக்கிழமை மாலைகளில் விம்கோ நகர் மெட்ரோ நிலைய நடைமேடையில் நிற்பவர்களின் பேச்சில், அன்று வெளியான திரைப்படம் எப்படியும் இடம்பிடித்துவிடும். பேய்ப் படம் என்றால் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா? சிரிப்பு இருக்கிறதா? முதல் பாகத்தைப் பார்க்காதவர்களுக்குப் புரியுமா? காலைக் காட்சி பார்த்துவிட்டு வந்தவர் ஒருவர் சொல்லும் இரண்டு வாக்கியப் பதிலில், ஒரு குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமை முடிவாகிவிடுகிறது. விமர்சனம் என்ற சொல்லை அவர் பயன்படுத்துவதில்லை. ஆனால், அவர் செய்வது அதைத்தான்.

இந்தப் பதிலைத்தான் மூன்று நாள்களுக்கு ஒத்திவைக்க வேண்டும் என்று திரையுலகின் ஒரு பகுதி விரும்புகிறது. 2024 நவம்பரில் 'கங்குவா' வெளியானதைத் தொடர்ந்து, தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' ஆகிய படங்களை யூடியூப் விமர்சனங்கள் பாதித்ததாகக் குறிப்பிட்ட அந்த அறிக்கை, திரையரங்க வளாகத்தில் பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்பவர்களை அனுமதிக்க வேண்டாம் எனத் திரையரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. படம் வெளியாகும் முதல் மூன்று நாள்களுக்கு இணையவழி விமர்சனங்களைத் தடை செய்யக் கோரி, சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கும் தொடுக்கப்பட்டது. விமர்சனம் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்பதைச் சுட்டிக்காட்டி, 2024 டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. ஆயினும், கோரிக்கை அடங்கிவிடவில்லை.

சங்கத்தின் அறிக்கை பெயர் சொன்ன மூன்றும் பெரும் பொருட்செலவில், முன்னணி நட்சத்திரங்களைக் கொண்டு எடுக்கப்பட்ட படங்கள். ஆனால், அந்தக் கோரிக்கை நிறைவேறினால் முதலில் பாதிக்கப்படப் போவது சிறிய படங்களே. இதைப் புரிந்துகொள்ள, குறைந்த செலவில் எடுக்கப்படும் பேய் நகைச்சுவைப் படங்களையும் அவற்றின் அடுத்தடுத்த பாகங்களையும்விடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமிழில் இவ்வகைப் படங்களுக்கு வழிகாட்டியது ராகவா லாரன்ஸின் 'முனி' (2007). அதன் தொடர்ச்சியாக 2011-இல் வந்த 'காஞ்சனா', முதல் பாகத்தைவிடப் பெரிய வெற்றி பெற்றது. 2014-இல் 'யாமிருக்க பயமே', 'அரண்மனை' ஆகியவை வந்தன. ஒரு பழைய பங்களா, சில நடிகர்கள், இரவு நேரப் படப்பிடிப்பு, ஒப்பனை, ஒலி அமைப்பு ஆகியவை இருந்தால் படம் எடுத்துவிடலாம் என்ற நிலை உருவானது. பெரிய நட்சத்திரம் தேவையில்லை, பேயே நட்சத்திரம். முதல் பாகம் ஓடினால், அந்தத் தலைப்பே இரண்டாம் பாகத்துக்கு விளம்பரமாகிவிடுகிறது.

வடசென்னையில் இப்படங்களுக்குக் கிடைக்கும் வரவேற்புக்கு வேறு காரணங்களும் இருக்கக்கூடும். 'முனி'யில் பேயாக வருபவர், அரசியல்வாதியால் வஞ்சிக்கப்பட்ட குடிசைப் பகுதித் தலைவர். 'காஞ்சனா'வில் நிலத்தைப் பறிகொடுத்துக் குடும்பத்தோடு கொல்லப்பட்ட திருநங்கை. உயிரோடு இருந்தபோது கிடைக்காத நீதியை இறந்த பிறகு கேட்டு வாங்குபவர்களின் கதைகள் இவை. தீப்பெட்டி ஆலையின் பெயரையே ஊர்ப் பெயராகக் கொண்ட விம்கோ நகரில் தொடங்கி எண்ணூர் வரை, தொழிற்சாலைகளுக்கும் கடலுக்கும் இடையே வாழும் மக்களுக்கு இரவின் அச்சம் புதிதன்று. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே அமோனியா வாயு கசிந்தபோது, கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு அஞ்சிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் தெருவில் ஓடியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் பேயைப் பார்த்துச் சிரிக்கத் திரையரங்குக்கு வருகிறார்கள் என்றால், அந்தச் சிரிப்பு உண்மையாகவே கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வருவதில் தவறென்ன?

இவ்வாறு விசாரிப்பவர்கள் படங்களை அழிக்கிறார்கள் என்பதே குற்றச்சாட்டு. நடந்தவை வேறு கதையைச் சொல்கின்றன. 2023 ஜூலை 28 அன்று இரண்டு பேய்ப் படத் தொடர்ச்சிகள் ஒரே நாளில் வெளியாயின. ஒன்று, 'பீட்சா 3'. 2012-இல் சிறிய முதலீட்டில் வந்து தமிழ்த் திரையுலகையே திரும்பிப் பார்க்க வைத்த 'பீட்சா'வின் பெயரைத் தாங்கியது. மற்றொன்று, 'தில்லுக்கு துட்டு' வரிசையில் சந்தானம் நடித்த 'டிடி ரிட்டர்ன்ஸ்'. புதுச்சேரி பங்களாவில் பேய்கள் நடத்தும் சூதாட்டத்தில் ஒரு கூட்டம் மாட்டிக்கொள்ளும் கதை அது. பெருமையில் முந்தி நின்றது 'பீட்சா' என்னும் பெயர். ஆனால், பார்த்தவர்கள் பரிந்துரைத்தது 'டிடி ரிட்டர்ன்ஸ்' படத்தை. வார இறுதிக்குப் பிறகும் குடும்பங்கள் திரையரங்குக்கு வந்ததற்கு அந்தப் பரிந்துரையே காரணம்.

அதே சந்தானமும், அதே இயக்குநர் பிரேம் ஆனந்தும் 2025 மே மாதத்தில் 'டிடி நெக்ஸ்ட் லெவல்' படத்தோடு வந்தனர். இம்முறை கதாநாயகனே ஒரு திரை விமர்சகர். படங்களைக் கடுமையாக விமர்சிப்பவர்களைப் பழிவாங்கும் இயக்குநர் பேய் ஒன்று, அவரைக் குடும்பத்தோடு ஒரு பேய்ப் படத்துக்குள் சிறைவைக்கிறது. எண்ணம் புதியது என்று பலரும் பாராட்டினர். முந்தைய படத்தின் சிரிப்பு இதில் குறைவு என்றும் சொன்னார்கள். கிடைத்தது கலவையான வரவேற்பே. அதே குழு, அதே வகைப் படம், இரண்டு ஆண்டு இடைவெளி. தீர்ப்பு மட்டும் மாறியது. பார்வையாளர்களிடம் முன்பகை இருந்திருந்தால் இரண்டு படங்களையும் தூற்றியிருப்பார்கள். கண்மூடித்தனமான பற்று இருந்திருந்தால் இரண்டையும் கொண்டாடியிருப்பார்கள்.

வேறு எடுத்துக்காட்டுகளும் உண்டு. 2005-இல் சாதனை படைத்த 'சந்திரமுகி'யின் இரண்டாம் பாகம், பெரிய நிறுவனத்தின் தயாரிப்பில் 2023 செப்டம்பரில் வந்தும் அந்தப் பெயருக்குரிய வரவேற்பைப் பெறவில்லை. 2024 மே மாதம், திரையரங்குகள் கூட்டமின்றி வாடிய நேரத்தில், 'அரண்மனை 4' அவற்றை நிரப்பியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று, 'தங்கலான்' என்ற பெரும்படத்தோடு ஒரே நாளில் வெளியான 'டிமான்ட்டி காலனி 2', பார்த்தவர்களின் வாய்மொழியாலேயே நிலைபெற்றது. அந்த மூன்று நாள்களும் யாரும் எதுவும் பேசக்கூடாது என்று விதி இருந்திருந்தால், பெரும்படத்தின் விளம்பர வெளிச்சத்தில் இச்சிறிய படம் கண்ணில் பட்டிருக்குமா?

திரையரங்க வணிகம் நடக்கும் முறையை அறிந்தவர்களுக்கு இதற்கான விடை தெரியும். பெரிய படத்துக்கு நுழைவுச்சீட்டுகள் முன்பதிவிலேயே விற்றுத் தீர்கின்றன. முதல் மூன்று நாள் வசூலை நட்சத்திரத்தின் பெயரே கொண்டுவந்துவிடும். சிறிய படத்துக்கோ வெள்ளிக்கிழமைக் காலைக் காட்சியில் கால்பங்கு இருக்கை நிறைவதே அரிது. அந்தச் சிலர் வெளியே வந்து 'நன்றாக இருக்கிறது' என்று சொன்னால்தான் சனிக்கிழமை மாலைக் காட்சி நிறையும். திங்கள்கிழமை காட்சிகளை மாற்றியமைக்கும்போது, கூட்டமில்லாத படமே முதலில் காட்சிகளை இழக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை புதிய படங்கள் வந்துவிடும். மூன்று நாள் மௌனம் என்பது, விளம்பரத்துக்குப் பணமில்லாத தயாரிப்பாளரிடமிருந்து அவருக்குள்ள ஒரே விளம்பரத்தையும் பறிப்பதாகும்.

பார்வையாளர் பக்கத்துக் கணக்கும் உண்டு. தமிழகத்தில் மல்டிபிளெக்ஸ் நுழைவுச்சீட்டின் உச்சவரம்பு, வரி நீங்கலாக 150 ரூபாய். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட சீட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேரும்போது, ஒரு சீட்டின் விலை 180 ரூபாயைத் தாண்டுகிறது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 720 ரூபாய்க்கு மேல். பயணம், வாகன நிறுத்தக் கட்டணம், இடைவேளைத் தின்பண்டம் எல்லாம் தனி. தண்டையார்பேட்டையில் 1967 முதல் இயங்கிய அகஸ்தியா திரையரங்கு 2020-இல் மூடப்பட்டது. பக்கத்தில் இருந்த மலிவான அரங்குகள் ஒவ்வொன்றாகக் குறையும்போது, படம் பார்ப்பது இப்பகுதித் தொழிலாளிக்குத் திட்டமிட்டுச் செய்ய வேண்டிய செலவாகிவிடுகிறது. ஷிப்டு முறையில் உழைப்பவருக்குப் பணத்தோடு ஓய்வு நாளும் செலவாகிறது. துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். மாம்பழத்தை முகர்ந்து பார்த்து வாங்கலாம். திரைப்படத்துக்கு அந்த வாய்ப்பில்லை. பிடிக்கவில்லை என்று பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. முன்பே பார்த்தவரின் சொல் ஒன்றே அவருக்குள்ள பாதுகாப்பு.

எனினும், தயாரிப்பாளர்களின் வருத்தத்தில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. 2023-இல் கேரளத்தில் 'ஆரோமலின்டெ ஆத்யத்தெ பிரணயம்' என்ற படத்தின் இயக்குநர் உயர்நீதிமன்றத்தை நாடினார். திட்டமிட்ட எதிர்மறை விமர்சனங்களும், அவற்றின் பெயரால் பணம் பறிப்பதும் நடப்பதாக எழுந்த புகாரே அந்த வழக்கின் மையம். அவருடையது பெரிய நட்சத்திரப் படமன்று. அந்த வழக்கில் நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்குரைஞர், 2024-இல் அளித்த அறிக்கையில், படம் வெளியான முதல் 48 மணி நேரத்துக்கு விமர்சனங்களைத் தவிர்க்கலாம் என்று பரிந்துரைத்தார். இடைவேளையிலேயே தீர்ப்பு எழுதுபவர்கள், நடிகைகளின் தோற்றத்தைக் கேலி செய்பவர்கள், கதைத் திருப்பத்தை உடைத்துச் சொல்பவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். பேய் நகைச்சுவைப் படங்களில் உருவக் கேலி மலிந்துவிட்டது என்று குறைசொல்லும் விமர்சகர், அதே கேலியைத் தாமும் செய்யும்போது அவர் சொல்லின் மதிப்புக் குறைகிறது.

ஆனால், இந்தத் தீமைகளுக்கு மருந்து சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. பணம் கேட்டு மிரட்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆவது பிரிவும், அவதூறு பரப்பினால் 356-ஆவது பிரிவும் உள்ளன. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்கீழ், தவறான விளம்பரப் பரிந்துரை செய்பவருக்கு முதல் முறை பத்து லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர், அதற்காகப் பணமோ சலுகையோ பெற்றிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

கட்டணம் பெற்றுக்கொண்டு 'இந்த ஆண்டின் சிறந்த படம்' என்று புகழ்வதும் இந்த விதிக்குள் வரவேண்டியதே. காசு வாங்கிக்கொண்டு தூற்றுவது குற்றமென்றால், காசு கொடுத்துப் போற்றச் செய்வதும் பார்வையாளரை ஏமாற்றுவதுதான். மூன்று நாள் தடை கோருபவர்கள், அந்த மூன்று நாள்களுக்குப் புகழ்ச்சியையும் நிறுத்திவைக்க முன்வருவதில்லை. இகழ்ச்சிக்கு மட்டும் பூட்டுப் போட்டால், எஞ்சுவது விளம்பரமே.

திரையரங்க வளாகம் தனியார் இடம். வாசலில் ஒலிவாங்கியை நீட்டி நெரிசல் உண்டாக்குபவர்களைக் கட்டுப்படுத்த உரிமையாளருக்கு உரிமை உண்டு. அதை யாரும் குறைசொல்லப் போவதில்லை. அரங்கை விட்டு வெளியே வந்த பிறகு, ஒருவர் தம் கைப்பேசியிலோ தேநீர்க் கடையிலோ என்ன சொல்லலாம் என்பதை வணிக நலன் தீர்மானிக்கக் கூடாது. திரைப்படச் சங்கங்கள் செய்யத்தக்க பயனுள்ள பணிகள் வேறு இருக்கின்றன. மிரட்டலுக்கு உள்ளாகும் சிறு தயாரிப்பாளருக்குச் சட்ட உதவி அளிக்கலாம். கட்டணப் பாராட்டைத் தங்கள் உறுப்பினர்களே நாடாதபடி நெறிமுறை வகுக்கலாம். முதல் வாரம் முழுவதும் சிறிய படங்களுக்குக் குறைந்தபட்சக் காட்சிகளை உறுதிசெய்யத் திரையரங்குகளோடு பேசலாம்.

'டிடி நெக்ஸ்ட் லெவல்' படத்தில் விமர்சகரைச் சிறைவைத்த இயக்குநரைப் பேயாகக் காட்டினார்கள், நாமும் சிரித்தோம். தன் படத்தைக் குறைசொன்னவரை அடைத்து வைக்கும் ஆசை நகைப்புக்குரியது என்பது திரையுலகத்துக்கே தெரிந்திருக்கிறது. திரையில் நகைத்த ஆசையை நீதிமன்ற மனுவாக எழுதும்போது மட்டும் அது நியாயமாகிவிடுமா? விம்கோ நகரிலிருந்து ரயிலேறும் குடும்பம், 720 ரூபாயை எடுத்துக்கொண்டு புறப்படும் முன், 'படம் எப்படி?' என்று ஒருவரைக் கேட்கத்தான் செய்யும். அடுத்த சிறிய படம் பிழைப்பதும் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் நேர்மையான பதிலால்தான்.