எண்ணிப் பார்த்து மாற்றுங்கள்!



தீபாவளி போனஸ் வந்தால் நம் திருப்பூரில் சில வீடுகளுக்குப் புதுக் கம்ப்யூட்டரும் வரும். அன்றைக்கே பழையதைப் பழைய இரும்புக் கடைக்குப் போட அவசரப்படுவோம். கொஞ்சம் பொறுங்கள்! அண்ணன் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்த பாடல்கள் அதற்குள்தானே இருக்கின்றன? பாட்டி பாடிய தாலாட்டையும் அதில் பதிந்து வைத்திருக்கலாம்.

'வாங்கிய கடையிலேயே மறுபடி இறக்கிக்கொள்ளலாமே' என்பீர்கள். கடை இருந்தால்தானே? பெங்களூருவின் ஃபிளிப்கார்ட் நிறுவனம் 2012-ல் 'ஃப்ளைட்' என்ற பெயரில் இணையத்தில் பாடல் விற்கத் தொடங்கியது. 2013 ஜூன் மாதத்தில் அந்த விற்பனையை நிறுத்திவிட்டது. வாங்கிய பாடல்களை இறக்கிக்கொள்ளச் சுமார் இரண்டு மாதமே அவகாசம். தங்கள் கணினியில் முன்பே சேமித்து வைத்தவர்களுக்குக் கவலை இல்லை.

இன்று பலர் மாதச் சந்தா கட்டிச் செல்போனில் கேட்கிறார்கள். அது வாடகை வீடு மாதிரி. சந்தா நின்றால், அதில் இறக்கி வைத்த பாடலும் பாடாது. காசு கொடுத்து வாங்கிய பாடல் அப்படியல்ல. பத்திரமாக வைத்திருந்தால் நம்மோடு இருக்கும்.

சரி, எப்படி மாற்றுவது? நம் ஊரே பாடம் சொல்லித் தருகிறது. நிட்டிங் முடிந்த துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்பும்போது எத்தனை ரோல், எத்தனை கிலோ என்று சலானில் எழுதித்தானே அனுப்புகிறார்கள்? அதையே நீங்களும் செய்யுங்கள்.

முதலில் எல்லாப் பாடல்களையும் ஒரே ஃபோல்டரில் சேருங்கள். எத்தனை பாடல், எவ்வளவு அளவு என்று நோட்டில் குறியுங்கள். சாதாரண தரத்தில் 5 நிமிட எம்பி3 பாடல் ஏறக்குறைய 5 எம்.பி. இருக்கும். அப்படியானால் 1,000 பாடலுக்கு? சுமார் 5 ஜி.பி. ஒரு 8 ஜி.பி. பென் டிரைவ் போதும்.

அடுத்து, 'காப்பி' செய்யுங்கள், 'கட்' செய்யாதீர்கள். கட்டிங் எல்லாம் பனியன் கம்பெனியோடு இருக்கட்டும்! பாடல் பட்டியலை மட்டும் மாற்றினாலும் போதாது. அதில் எந்தப் பாடல் எங்கே இருக்கிறது என்ற விலாசம் மட்டுமே உண்டு, பாடல் இருக்காது.

புதுக் கணினியில் ஏற்றியதும் நோட்டில் குறித்த கணக்கோடு ஒப்பிடுங்கள். முதலில், நடுவில், கடைசியில் என்று சில பாடல்களைப் போட்டுக் கேளுங்கள். இன்னொரு பிரதியைத் தனியே எடுத்து வையுங்கள். பிறகுதான் பழையதை அழிக்க வேண்டும்.

வாங்கிய பாட்டு தொலைந்தால், காசு கொடுத்து மறுபடி வாங்கலாம். பாட்டியின் குரலை எந்தக் கடையில் வாங்குவது? இந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து எண்ணத் தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்