கையெழுத்து இருக்கிறது, கணக்கு எங்கே?

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. ஏதோ ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. நூறுநாள் வேலை முடிந்து நேரே வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் வகுப்பறைப் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். இடுப்புக் குழந்தை ஒன்று சாக்பீஸைக் கடித்துக்கொண்டிருக்கிறது. மேலிருந்து வந்த சுற்றறிக்கையைத் தலைமை ஆசிரியை வாசித்து முடிக்கிறார். இடைநிற்றல், காலை உணவு, வாசிப்பு, எல்லாம் அதில் உண்டு. கடைசியில் தீர்மானப் பதிவேடும் அதனடியில் இரண்டு வவுச்சர்களும் குழுத் தலைவி முன்னால் வருகின்றன.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

"இது எதுக்கு டீச்சர்?"

"கிராண்ட் பில்லுதாம்மா. மார்ச்சுக்குள்ள முடிச்சாகணும்."

அந்த அம்மா போட்டுவிடுகிறார். இதில் மோசடி ஏதும் இல்லை. பெரும்பாலும் அந்தத் தலைமை ஆசிரியை ஃபினாயிலுக்கும் துடைப்பத்துக்கும் உடைந்த குழாய்க்கும் ஜூன் மாதமே சொந்தக் காசைப் போட்டிருப்பார். இப்போது வருகிற பணம் அவருக்குச் சேரவேண்டிய கடன். நம் கவலை வேறு. எவ்வளவு வந்தது, எவ்வளவு வரவேண்டும், கழிப்பறைக் கதவுக்கு யாரிடம் பணம் இருக்கிறது என்று எதுவும் தெரியாமல் போடப்படும் அந்தக் கையெழுத்துதான், தமிழ்நாட்டில் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளின் நிதியை ஊர் மேற்பார்வையிடுகிறது என்பதற்கு நாம் காட்டும் ஒரே சான்று.

சட்டம் இப்படி நினைக்கவில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளுக்கும் இடம் என்று சொல்கிறது. அரசிடமிருந்தோ உள்ளாட்சியிடமிருந்தோ வேறு எங்கிருந்தோ வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது அந்தக் குழுவின் வேலை. 22-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. குழு தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை அடிப்படையாக வைத்துத்தான் அரசும் உள்ளாட்சியும் நிதி ஒதுக்க வேண்டும் என்கிறது. 2010-ல் மத்திய அரசு வகுத்த முன்மாதிரி விதிகளில், குழுவின் ஆண்டுக் கணக்கில் தலைவரும் கையெழுத்திட்டு, ஒரு மாதத்துக்குள் அதை உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி உண்டு. பள்ளி கணக்குக் காட்டும், ஊராட்சி பார்க்கும். ஊராட்சி செலவழித்ததைப் பள்ளி கேட்கும். ஏற்பாடு இவ்வளவுதான். காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது.

நடைமுறை ஏன் வேறாக ஆனது என்பதற்குப் பள்ளியின் பெயர்ப்பலகையே விடை சொல்லும். 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் அங்கே பாடம் நடத்தும் ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல் அரசு ஊழியர்கள். சம்பளம் பள்ளிக்கல்வித் துறையிலிருந்து வருகிறது. கட்டடமோ ஒன்றியத்தின் சொத்து. ஓடு உடைந்தால், தளம் ஒழுகினால், சுற்றுச்சுவர் சரிந்தால் ஊரக வளர்ச்சித் துறையைத்தான் பார்க்க வேண்டும். தலைமை ஆசிரியர் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதுவார். அவர் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுதுவார். அங்கிருந்து பொறியாளர் ஒருவர் வந்து நாடாவை விரித்து அளந்துவிட்டுப் போவார். மதிப்பீடு எவ்வளவு, எந்த நிதியில் வேலை, எப்போது தொடக்கம் என்பதெல்லாம் பள்ளிக்குத் திரும்பி வருவதே இல்லை. வேலை முடிந்த பிறகு சுவரில் திட்டத்தின் பெயரும் தொகையும் மஞ்சள் வண்ணத்தில் எழுதப்படும்போதுதான் இவ்வளவு செலவாம் என்று குழுவுக்கே தெரியும். பேராசிரியர் அன்பழகன் பெயரில் 2022-ல் அறிவிக்கப்பட்ட பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு 5 ஆண்டுகளில் 7,500 கோடி ரூபாய் என்றார்கள். அந்தப் பணத்தில் தன் ஊருக்கு வந்த பங்கு எவ்வளவு என்று எத்தனை குழுத் தலைவிகளால் சொல்ல முடியும்?

இந்த அலட்சியத்தின் விலையை நாம் ஒருமுறை பார்த்துவிட்டோம். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகு மாநிலம் முழுக்கப் பழைய கட்டடங்களைத் தேடித்தேடி இடித்தார்கள். இடித்த இடத்தில் புதியது எழும்பும்வரை மரத்தடியிலும் சமுதாயக் கூடத்திலும் வகுப்பு நடந்த ஊர்கள் உண்டு. உதவிபெறும் பள்ளிகளில் நிலைமை இன்னும் மோசம். 2012-ல் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்தின்படி அங்குள்ள குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். அரசுப் பணத்தில் ஆசிரியர் சம்பளம் நடக்கும் பள்ளியில், பெற்றோர் கேள்வி கேட்டால் நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

இப்போது அந்த வவுச்சருக்கு வருவோம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்து மானியம் உண்டு. 30 பேர் வரை என்றால் ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம். இதில் 10 சதவீதமாவது துப்புரவுக்கு என்று விதி. 10 ஆயிரத்தில் 10 சதவீதம் ஆயிரம் ரூபாய். வேலைநாள் ஒன்றுக்கு 5 ரூபாய்கூடத் தேறாது. இவற்றில் பெரும்பாலானவை 2018-ல் நிர்ணயித்த தொகைகள். அதன் பிறகு சாக்பீஸ் விலை ஏறவில்லையா, துடைப்பம் விலை ஏறவில்லையா என்று கேட்பதற்கும் ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் குழு. இந்தச் சின்னத் தொகையும் பள்ளி திறக்கும் ஜூனில் வருவதில்லை. தவணையாக வருகிறது, நிதியாண்டு முடிகிற நேரத்தில் அவசரமாக வருகிறது, வந்த வேகத்தில் செலவு செய் என்ற குறுஞ்செய்தியோடு வருகிறது.

முன்பெல்லாம் குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கும், பாஸ்புக் இருக்கும். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் அதைப் புரட்டிப் பார்க்கலாம். 2021 ஜூலையிலிருந்து மத்திய நிதி அமைச்சகத்தின் உத்தரவுப்படி இந்தத் திட்டத்துக்கு மாநிலம் முழுவதற்கும் ஒரே தாய்க் கணக்கு. கீழே இருப்பவை எல்லாம் பூஜ்ய இருப்புக் கணக்குகள். பள்ளிக்கு வருவது பணம் அல்ல, இவ்வளவு வரை எடுத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு மட்டும். தேவையில்லாமல் பணம் தூங்குவதைத் தடுக்க இது நல்ல ஏற்பாடு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வரம்பை மேலிருந்து திடீரென்று திரும்பப் பெற்றுக்கொண்டால் அது போன தடம்கூட ஊருக்குத் தெரியாது. கணினித் திரையில் தெரிவதைப் பார்க்கக் கடவுச்சொல் வேண்டும். பாஸ்புக்குக்குக் கடவுச்சொல் கிடையாது.

மேலே நடக்கும் சண்டை கீழே எப்படி இறங்குகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தேசியக் கல்விக் கொள்கையையும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தையும் ஏற்காததைக் காரணம் காட்டி, 2024-25-க்கான மத்தியப் பங்கு சுமார் 2,152 கோடி ரூபாயைத் தில்லி நிறுத்திவைத்தது. 60-க்கு 40 என்று பங்கு போட்டு நடக்கும் திட்டத்தில் 60 நின்றுபோனது. வட்டியோடு 2,291 கோடி கேட்டு 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. மாநிலம் செய்தது சரி என்பதே நம் கருத்து. மொழிக் கொள்கையைப் பணயமாக வைத்துப் பிள்ளைகளின் துடைப்பக் காசைப் பிடித்துவைப்பது எந்தக் கூட்டாட்சியிலும் முறையல்ல. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வளவு பெரிய தொகை நின்றபோது, எந்தப் பள்ளியில் எந்த வேலை நின்றது என்று ஊர்வாரியாகச் சொல்லக்கூடிய ஒரே அமைப்பு மேலாண்மைக் குழுதான். அந்த வாக்குமூலம் எங்கேயும் வரவில்லை. வரவேண்டியது எவ்வளவு என்பதே தெரியாதவர்கள் வராததை எப்படிச் சொல்வார்கள்?

குழுவைப் பொறுப்பில் மட்டும் மாட்டிவிட நாம் தயங்கியதில்லை. 2022 ஜூலையில் 13,331 தற்காலிக ஆசிரியர் இடங்களைக் குழுக்களே நிரப்பிக்கொள்ளட்டும் என்றார்கள். சம்பளம் 7,500, 10,000, 12,000 ரூபாய். தகுதித் தேர்வு என்ன ஆயிற்று என்று விவகாரம் நீதிமன்றம் போனது. ஊரில் யார் வீட்டுப் பிள்ளைக்கு வேலை என்ற சண்டை அந்த அம்மாவின் வாசலுக்கு வந்தது. சம்பளம் தாமதமானபோதும் அதே வாசல்தான். ஆள் எடுக்கும் பழி குழுவுக்கு, சம்பளப் பணத்தின் சாவி வேறிடத்தில்.

இத்தனைக்கும் நடுவில் பள்ளிக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் பாலமாக இருந்தவர் வார்டு உறுப்பினர்தான். குழுவில் அவருக்கு இடம் தந்ததே அதற்காக. அந்த நாற்காலிக்கு என்ன ஆயிற்று? 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த பகுதிகளில், இன்றைய கணக்குக்கு 28 மாவட்டங்களில், ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. மறுநாள் தேர்தல் வரவில்லை, தனி அலுவலர் வந்தார். கிராம ஊராட்சிக்குத் தனி அலுவலர் யார்? வட்டார வளர்ச்சி அலுவலர். பள்ளிக் கட்டடத்தைப் பழுது பார்க்க வேண்டியவரும் அவரே, ஏன் பழுது பார்க்கவில்லை என்று ஊராட்சி சார்பில் கேட்க வேண்டியவரும் அவரே. தனக்குத்தானே கடிதம் எழுதி, தானே பதிலும் போட்டுக்கொள்ளலாம்.

இது முதல் தடவையும் அல்ல. 2016 அக்டோபரிலிருந்து 2019 கடைசி வரை கிராமங்கள் இப்படித்தான் இருந்தன. நகரங்களில் 2022 பிப்ரவரி வரை கவுன்சிலரே கிடையாது. ஐந்து ஆண்டுக்கு மேல்! எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடக் காரணம் கிடைத்துவிடுகிறது. வார்டு வரையறை, இடஒதுக்கீடு, வழக்கு. அத்தனை நாளும் பள்ளிக்குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் இரண்டு நாற்காலி காலி என்பது எவருடைய பட்டியலிலும் இழப்பாக ஏறுவதில்லை.

நகரவாசிகள் இதைக் கிராமத்துச் சங்கதி என்று தள்ளிவிட வேண்டாம். உங்கள் வீட்டு சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அந்த வரிக்குள் கல்வி வரி என்று ஒரு பங்கு இருக்கிறது. அதன் வேர் 1920-ஆம் ஆண்டு சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டத்தில் இருக்கிறது. நகராட்சிக் கணக்கில் 'தொடக்கக் கல்வி நிதி' என்று தனியாக ஒரு நிதியே வைக்கிறார்கள். 2022-ல் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை ஏறியது. அந்த உயர்வில் உங்கள் ஊர்க் கல்வி நிதிக்குக் கூடுதலாக எவ்வளவு சேர்ந்தது? எந்தப் பள்ளிக்கு எதற்காகப் போனது? நகராட்சிப் பள்ளித் தலைமை ஆசிரியரைக் கேட்டால் கையை விரிப்பார். கவுன்சிலரைக் கேட்டால் அப்படி ஒரு நிதி இருக்கிறதா என்று நம்மையே திருப்பிக் கேட்பவரும் உண்டு. ரசீதில் இன்னொரு வரி, நூலக வரி, 10 சதவீதம். நாட்டுக்கே முன்னோடியான 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின் பிள்ளை அது. வசூலித்த உள்ளாட்சிகள் நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டாமல் பாக்கி வைப்பது பழைய கதை. கண்ணுக்குத் தெரிந்த பாக்கியே இப்படி என்றால், யாருமே கேட்காத கல்வி வரியின் கதி என்ன?

ஊர் பள்ளிக்குக் கொடுத்த காலமும் இங்கே இருந்தது. 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறையை நடத்தியபோது, மக்கள் நிலமும் பெஞ்சும் கடிகாரமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். இன்றும் பழைய பள்ளிகளில் பீரோவின் நெற்றியில் 'இன்னார் நன்கொடை' என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். தாத்தா கொடுத்த பீரோ எது என்று பேரனுக்குத் தெரியும். அரசு கொடுத்த 25,000 எது என்று அவன் அம்மாவுக்குத் தெரியவில்லை.

2024 ஆகஸ்டில் அமைத்த குழுக்களின் காலம் 2 ஆண்டுகள். அடுத்த மறுகட்டமைப்பு 2026-க்கு உரியது. அன்றைக்கும் கோலம் போட்டு, பலூன் கட்டி, படமெடுத்துச் செயலியில் ஏற்றினால் மட்டும் போதாது. புதிய தலைவி பொறுப்பேற்கும் நாளிலேயே மூன்று தாள்கள் அவர் கைக்கு வர வேண்டும். மானியத்தில் வரவேண்டியதும் வந்ததும் ஒரு தாளில். அந்தப் பள்ளிக்காக ஒன்றியமோ நகராட்சியோ செலவு செய்ததும் செய்யப்போவதும் இன்னொன்றில். முந்தைய குழு போட்ட தீர்மானங்களில் நிறைவேறியவை எவை என்பது மூன்றாவதில். வட்டார வளர்ச்சி அலுவலகத்திலிருந்து பதில் சொல்லத் தகுதியுள்ள ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அந்தப் பாயில் வந்து உட்கார வேண்டும். கிராம சபையில் இந்தத் தாள்களை வாசிக்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தலை இனியும் இழுத்தடிக்கக் கூடாது. இவற்றில் எதற்கும் புதிய சட்டமோ புதிய செயலியோ தேவையில்லை.

ஒவ்வொரு வகுப்புக் கரும்பலகையின் மூலையிலும் தினமும் ஒரு கணக்கு எழுதப்படுகிறது. பதிவு 46, வருகை 43. தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே உள்ள பலகையிலும் அதுபோல மூன்று எண்களை எழுதிவைக்கலாம்: வந்தது, செலவானது, இருப்பு. பிள்ளையை அழைத்துப்போக நாலு மணிக்கு வரும் அம்மா, மணி அடிக்கும்வரை அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறார்.