இருப்பு வைப்பது வேறு, பதுக்குவது வேறு



விலைவாசி ஏறும்போதெல்லாம் பொதுமக்கள் வாயில் முதலில் விழுவது நாம்தான். துவரம்பருப்பு ஏறினாலும் வெங்காயம் ஏறினாலும் "வியாபாரி பதுக்கிவிட்டான்" என்ற பேச்சு வந்துவிடுகிறது. விலை ஏறினால் நமக்கு லாபம் என்று எண்ணுபவர்கள் ஒரு மளிகைக் கடையின் கணக்கைப் பார்த்ததில்லை. கிலோ 100 ரூபாய்ப் பருப்பு 160 ரூபாய் ஆனால், அதே பத்து மூட்டையை வாங்க அறுபது சதவீதம் கூடுதல் முதல் வேண்டும். இரண்டு கிலோ வாங்கியவர் ஒரு கிலோ வாங்குகிறார். அதையும் நோட்டில் எழுதச் சொல்கிறார். முதல் முடங்குகிறது, கடன் பெருகுகிறது. 2015-ல் துவரம்பருப்பு 200 ரூபாயை எட்டியபோது இதை அனுபவிக்காத சில்லறைக் கடைக்காரர் நம்மில் யார்?

ஆகவே வாடிக்கையாளர் வீடு விலையேற்றத்தைத் தாங்கினால்தான் நம் கடை தாங்கும். அதற்கு வழி இரண்டு. கெடாத பொருளைப் பருவத்தில் வாங்கி வைப்பது. அழுகும் பொருளை வீட்டிலேயே பயிர் செய்வது. இவ்விரண்டையும் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாமே என்பது என் கருத்து.

நம் தொழிலுக்கு வேண்டிய சரக்கெல்லாம் எப்போது வருகிறது என்று பாருங்கள். குல்பர்கா பக்கத்துத் துவரை மார்கழி, தை மாதங்களில் அறுவடையாகிறது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதிச் சம்பா நெல் தை, மாசியில் களத்துக்கு வருகிறது. புளி, வரமிளகாய், மல்லி எல்லாம் மாசி, பங்குனியில் புதுச் சரக்கு. வரத்து மிகுந்து விலை இறங்கும் காலமும் அதுதான்; காய வைக்க நல்ல வெயில் கிடைக்கும் காலமும் அதுதான். நம் தாய்மார்கள் சித்திரை வெயிலில் மிளகாய் காய வைத்ததும், புளியைக் கொட்டை நீக்கி உப்பிட்டுப் பானையில் அடைத்ததும், துவரைக்குச் செம்மண் கட்டி வைத்ததும் காரணமில்லாமல் அல்ல.

"மக்கள் மொத்தமாக வாங்கிக்கொண்டால் மாதா மாதம் கடைக்கு யார் வருவார்?" என்று சில நண்பர்கள் கேட்கலாம். பருப்பு வீட்டில் இருந்தாலும் எண்ணெய்க்கும் சோப்புக்கும் அவர் வந்துதான் ஆக வேண்டும். மேலும் பருவத்தில் வாங்குபவர் ரொக்கம் கொடுத்து வாங்குகிறார். ஐப்பசி, கார்த்திகையில் கடன் கேட்டு நிற்பவரைவிட அவரே நல்ல வாடிக்கையாளர். அன்றாடக் கூலிக்காரர் மொத்தமாகப் பணம் போட முடியாது என்பதும் உண்மை. அவர்களுக்கு மகளிர் சுயஉதவிக் குழு இருக்கிறது. பத்து வீட்டார் சேர்ந்து 50 கிலோ மூட்டை ஒன்றை மூட்டை விலைக்கே எடுத்து, ஆளுக்கு 5 கிலோவாகப் பிரித்துக்கொள்ளலாம். நமக்கு நிறுக்கும் வேலையும் பை செலவும் மிச்சம். லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் குறைந்துபோக மாட்டோம்.

எதையும் அளவோடு சொல்லி விற்க வேண்டும். பருப்பு, புளி, மிளகாய் நான்கு மாதத்துக்கு வாங்கலாம். ரவை, மாவு ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம், வண்டு விழும். எண்ணெய் நாளானால் சிக்கு வாடை அடிக்கும். ஈரம் போகக் காய வைத்து, காற்றுப் புகாத டின்னில் அடைத்தால் பருப்பு கெடாது.

கடலூர்க்காரர்களுக்கு இது விலைக் கணக்கு மட்டுமல்ல. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்துக் கம்பங்கள் சாய்ந்து கிடந்த நாட்களிலும், 2015 நவம்பர் வெள்ளத்திலும், வீட்டில் அரிசி பருப்பு இருந்தவர்கள் கையேந்தாமல் இருந்தார்கள்.

இனி நம் பக்கம். வரத்துள்ள காலத்தில் வாங்கித் தட்டுப்பாட்டுக் காலத்தில் விற்பது இருப்பு. தட்டுப்பாட்டில் கதவைச் சாத்துவது பதுக்கல். 1955-ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் இன்றும் இருக்கிறது. 2019 டிசம்பரில் வெங்காயத்துக்கு மொத்த வணிகருக்கு 25 டன், சில்லறை வணிகருக்கு 5 டன் என்று வரம்பு வைத்தார்கள்; சில நாட்களிலேயே சில்லறைக்கு 2 டன் ஆக்கினார்கள். 2023 ஜூனில் துவரைக்கு மொத்த வணிகருக்கு 200 டன் வரம்பு. செப்டம்பரில் அது 50 டன். வரம்பு திடீரென்று மாறும் என்பதால் கொள்முதல் பில்லும் இருப்புப் பதிவேடும் அன்றன்றைக்குச் சரியாக இருக்க வேண்டும். 1952 ஜூனில் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியது வணிகர் மேல் வைத்த நம்பிக்கையால். பதுக்குபவர் ஒருவர் இருந்தாலும் அந்த நம்பிக்கை நம் எல்லோருக்கும் போய்விடும்.

தக்காளியை டின்னில் அடைக்க முடியாது. 2023 ஜூலையில் அது 100 ரூபாயைத் தாண்டியபோது அரசே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. இலங்கையில் 2022 நெருக்கடியின்போது, வீட்டில் பயிர் செய்யட்டும் என்று அரசு ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையே விட்டார்கள். நமக்கு அந்த நிலை வரும்வரை காத்திருக்க வேண்டுமா? கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, நான்கு கத்தரி, பத்து மிளகாய்ச் செடி, ஒரு அவரைப் பந்தல் போதும். ஆடிப் பட்டம் தேடி விதைத்தால் மழைக்காலத்தில் சந்தைக் காய் ஏறும்போது வீட்டில் காய் இருக்கும். நம் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பி.எல்.ஆர். கத்தரி ரகங்கள் நம் மண்ணுக்குப் பழகியவை. செம்மங்குப்பம் போல் சிப்காட்டை ஒட்டிய ஊர்களில் இருப்பவர்கள் மட்டும் கிணற்று நீரைப் பரிசோதித்துப் பார்த்துப் பயிர் வைப்பது நல்லது. கடையில் காய்கறி வைப்பவர்களுக்கும் இதனால் பெரிய நஷ்டமில்லை. தக்காளியிலும் கீரையிலும் அழுகல் போக நமக்கு என்ன மிஞ்சுகிறது?

ஆகவே உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தை மாதம் முதல் கடை வாசலில் ஒரு பலகை வைத்து, "இம்மாதம் வாங்கி வைக்க ஏற்ற பொருள் இவை" என்று எழுதிப் போடுங்கள். சங்கமும் மாதந்தோறும் வரத்து விவரம் வெளியிட ஆவன செய்ய வேண்டும். பெரிய அங்காடிகள் தள்ளுபடி தரலாம். எதை எப்போது வாங்குவது என்று சொல்லித்தர நம்மைப் போன்ற தெருக்கடைக்காரரால்தான் முடியும். அந்த நம்பிக்கைதான் நமக்கு உள்ள முதல். அதற்கு வட்டி கிடையாது.