கடாரத்தில் இடிந்தது எவருடைய சொத்து?

கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கிலே, சுங்கை பத்துவில், மலாய் மொழியில் 'சண்டி' எனப்படும் பழங்கோயில்களுள் பதினொன்றாம் எண் பெற்றிருந்த ஆயிரமாண்டுச் சின்னம், 2013-ஆம் ஆண்டு, வீடமைப்புக்கென மண்வாரி இயந்திரத்தால் தரைமட்டமாக்கப்பட்டது. அங்கே அப்படியொன்று இருந்ததே தெரியாதென்றனர் நிலத்துக்குரியோர். அது தனியார் நிலம், அரசிதழில் அறிவிக்கப்படாத இடம் என்றனர் ஆட்சியாளர்.

தெரியாதாம்! குவாரிட்ச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1936, 1937-ஆம் ஆண்டுகளில் இப்பள்ளத்தாக்கின் இடிபாடுகளைத் தோண்டி, எண்ணிட்டு, 1940-இல் அச்சிலும் வெளியிட்டுவிட்டார். எழுபதாண்டு கடந்தும் அரசிதழில் ஏறவில்லையெனின், அக்குற்றம் செங்கல்லினுடையதா, எழுதுகோல் பிடித்தோருடையதா?

இஃது இந்துக்கள் விவகாரம் என ஒதுங்குவோரும் உளர். கோயிற் பூசைக்கு வக்காலத்து வாங்குவது நம் நோக்கமன்று. மக்கா நகரிலே துருக்கியர் கட்டிய அஜ்யாத் கோட்டையை 2002-இல் இடித்து, அவ்விடத்தில் வானளாவிய மாளிகைகள் எழுப்பப்பட்டபோது, துருக்கி அரசே கண்டித்தது. இடித்தவரும் முஸ்லிம்கள், கண்டித்தவரும் முஸ்லிம்கள். நிலத்தின் விலையேறினால் வணிகனுக்கு எம்மதமும் சம்மதமே!

இனி நம்மவர் கதைக்கு வருவோம். 1025-இல் இராசேந்திரன் கடாரங் கொண்டான் என மேடைதோறும் மார்தட்டுகிறோம். படையெடுத்துக் கொள்ளை கொண்டதிலே இத்துணைப் பெருமை! அதற்கு முன்னரே கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எடுப்பித்ததையும், இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கியதையும் செப்பேடு கூறுகின்றதே, அதை எத்தனை பேர் சொல்கின்றனர்? அவ்விகாரத்தின் எச்சமெனக் கருதப்பட்ட கோபுரத்தை 1867-இல் சென்னை அரசின் இசைவுடன் சேசுசபைப் பாதிரிமார் இடித்தனர். அக்கரையில் அவர்கள் கட்டியதும் போயிற்று. இக்கரையிலோ பதினொன்றாம் எண்ணும் போயிற்று.

தோட்டத் தோழர்களே! சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழ்வில் வெளிப்பட்டவை அரசர் முடிகளல்ல. இரும்புருக்கிய உலைகளும் படகுத்துறையுமே. உலையூதியவன் தமிழனோ, மலாயனோ, வேறெவனோ! அவன் உழைப்பாளி, அவ்வளவு போதும் நமக்கு. ஆலயத்துக்குப் புதுச் சுதைபூச நன்கொடைப் புத்தகம் தூக்கும் சங்கங்கள், ஆண்டுக்கொருமுறை பள்ளிப் பிள்ளைகளை மெர்போக் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லப் பேருந்துக் கூலி கொடுக்கட்டும். அரசாங்கமோ, தனியார் நிலங்களிலுள்ள ஒவ்வோர் இடிபாட்டையும் எண்ணும் எல்லையுமாக அரசிதழில் வெளியிட்டு, அதன் படியை அவ்வந்நிலத்துக்குரியோர் கையில் ஒப்பமிட்டு வாங்கச் செய்தல் வேண்டும். பிறகு எவர் தெரியாதென்பார், பார்ப்போம்.