வங்கிக்கும் கைமுதல் வேண்டும்

புதிதாகக் கடை திறக்கப் போகும் ஒருவர் நம் மண்டிக்கு வந்து கடனுக்குச் சரக்குக் கேட்டால் நாம் முதலில் என்ன கேட்கிறோம்? "கைமுதல் எவ்வளவு போடுறீங்க தம்பி?" என்றுதான் கேட்கிறோம். பத்து லட்ச ரூபாய்ச் சரக்கில் ஒரு லட்சமாவது சொந்தப் பணம் போட்டவர் கல்லாவில் கவனமாக உட்காருவார். அத்தனையும் பிறர் பணம் என்றால், லாபம் வந்தால் அவருக்கு, நஷ்டம் வந்தால் மண்டிக்காரருக்கு என்று ஆகிவிடும். இந்தப் பாடத்தை நாம் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. பெரியவர்கள் பேரேட்டைக் காட்டிச் சொல்லித் தந்தது.

ஆனால் நம் பணத்தைப் போட்டு வைக்கும் வங்கியைப் பார்த்து என்றைக்காவது இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறோமா? கேட்டதில்லை. கட்டடம் பெரியது, மேனேஜர் மரியாதையாகப் பேசுகிறார், கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று போட்டு வைத்திருக்கிறோம்.

வங்கியும் ஒரு கடைதான். அதன் சரக்கு பணம். அந்தச் சரக்கில் பெரும்பகுதி நம்மைப் போன்ற டெபாசிட்தாரர்கள் நம்பிக் கொடுத்தது. பங்குதாரர்கள் போட்டதும், லாபத்திலிருந்து சேர்த்து வைத்ததும்தான் பெரும்பாலும் வங்கியின் கைமுதல். கொடுத்திருக்கும் கடனுக்கு இத்தனை சதவீதம் கைமுதல் இருந்தே தீர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. இதைத்தான் 'மூலதனப் போதுமை விகிதம்' என்கிறார்கள். பெயர்தான் பெரிது. விஷயம் நம் பேரேட்டு விஷயம்தான்.

தஞ்சையில் கண்டது

1990ஆம் ஆண்டு நாம் தகப்பனாரின் கடையில் சிட்டை எழுதிக்கொண்டிருந்தோம். 1901ல் தொடங்கி, நம் ஊரின் பெயரையே தாங்கி நின்ற பாங்க் ஆஃப் தஞ்சாவூர் தன் 157 கிளைகளோடு அந்த ஆண்டு இந்தியன் வங்கியுடன் இணைக்கப்பட்டது. அதே ஆண்டு பாங்க் ஆஃப் தமிழ்நாடும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் சேர்ந்தது. "நம்ம ஊரு பாங்கு போயிடுச்சே" என்று கடைவீதியில் பேசிக்கொண்டார்களே தவிர, ஏன் போயிற்று என்று நாம் யாரும் ஆராயவில்லை.

அந்த நாளில் இந்த விகிதம் நம் நாட்டில் நடைமுறைக்கு வரவில்லை. 1974ல் ஜெர்மனியில் ஹெர்ஸ்டாட் என்ற வங்கி மூழ்கி, அதனால் பல நாட்டு வங்கிகளும் ஆட்டம் கண்ட பிறகு, சுவிட்சர்லாந்தில் உள்ள பாசல் நகரில் பல நாட்டு அதிகாரிகள் கூடிக் குழு அமைத்தார்கள். 100 ரூபாய்க் கடனுக்கு 8 ரூபாய் கைமுதல் வேண்டும் என்று அந்தக் குழு 1988ல் வகுத்தது. நரசிம்மம் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 1992ல் ரிசர்வ் வங்கி அதை இங்கே கொண்டுவந்தது. 2000 மார்ச்சிலிருந்து 9 ரூபாய் ஆயிற்று. 2008ல் உலகமே ஆட்டம் கண்ட பிறகு விதி மேலும் இறுகி, 2021 அக்டோபரிலிருந்து இரண்டரை ரூபாய் கூடுதல் காப்பும் சேர்ந்து பதினொன்றரை ரூபாய் ஆகிவிட்டது.

கரூரில் நடந்தது

விதி இருந்தும் ஒரு வங்கி எப்படி விழும் என்பதைக் கரூர் நமக்குக் காட்டியது. லட்சுமி விலாஸ் வங்கி 1926ல் கரூர் வணிகர்கள் ஏழு பேர் சேர்ந்து தொடங்கியது. சிறு வியாபாரிகளுக்கும் ஜவுளிக்காரர்களுக்கும் கடன் கொடுத்து வளர்ந்த வங்கி அது. பின்னாளில் பெரிய நிறுவனங்களுக்குக் கொடுத்த பெரிய கடன்களில் மாட்டிக்கொண்டது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதைத் தன் கட்டுப்பாட்டு நடவடிக்கையின் கீழ் கொண்டுவந்தது. 2020 மார்ச் 31ல் அதன் மூலதன விகிதம் 1.12 சதவீதம். செப்டம்பர் முடிவில் அது பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது. கைமுதல் முழுதும் கரைந்து, டெபாசிட்காரர் பணத்தில் கை வைக்கும் நிலை என்று இதற்குப் பொருள்.

2020 தீபாவளி நவம்பர் 14ஆம் தேதி. வியாபாரிகள் பண்டிகை வசூலை நடப்புக் கணக்கில் கட்டிவிட்டு, கொள்முதல் செய்த இடங்களுக்குச் செக் கொடுத்திருந்த நேரம். 17ஆம் தேதி மாலை அறிவிப்பு வந்தது: டெபாசிட்காரர் ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. பத்து நாள் கழித்து, 27ஆம் தேதி, சிங்கப்பூரின் டி.பி.எஸ். வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்துடன் அது இணைக்கப்பட்ட பிறகுதான் தடை நீங்கியது. டெபாசிட்டுக்குச் சேதம் இல்லை. ஆனால் பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு காசு கிடைக்கவில்லை. மூலதனக் கணக்கில் சேர்ந்திருந்த 318 கோடி ரூபாய்க் கடன் பத்திரங்களும் தள்ளுபடி ஆயின.

பத்து நாள்தானே என்று சம்பளக்காரர் சொல்லலாம். செக் திரும்பினால் வியாபாரியின் நாணயம் திரும்பி வருமா? பத்து நாளில் போகும் பெயரைச் சம்பாதிக்கப் பத்து வருடம் ஆகும் என்பது நமக்குத் தெரியும்.

இதோடு கும்பகோணத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1904ல் கும்பகோணம் வங்கி என்று தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி இன்றும் அதே ஊரில் இருந்து நடக்கிறது. 2024 மார்ச்சில் அதன் மூலதன விகிதம் 23 சதவீதத்துக்கு மேல். மூன்றுமே நம் தமிழ்நாட்டு ஊர்களில் பிறந்த வங்கிகள். இரண்டின் பெயர்ப் பலகை இன்று இல்லை.

நம் லிமிட் ஏன் குறைகிறது?

இனி நம் குறைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன், தை பிறக்கும் நேரத்தில் நம்முடைய ஓ.டி. லிமிட்டைப் புதுப்பிக்கப் போனோம். வங்கியின் பெயர் இங்கே வேண்டாம். வட்டி ஒரு நாள் தவறியதில்லை. மேனேஜர் நல்ல மனிதர். "மேலிடத்து உத்தரவு, என் கையில் ஒன்றுமில்லை ஐயா" என்று சொல்லிக் கால் பங்கைக் குறைத்துவிட்டார். பொங்கலுக்கு வெல்லமும் பருப்பும் எண்ணெயும் வாங்கிப் போட வேண்டிய வாரம் அது. வெளியில் கூடுதல் வட்டிக்கு வாங்கினோம். அப்படியும் போதவில்லை. நம்மிடம் சரக்கெடுக்கும் கிராமத்து மளிகைக்காரர்களுக்குத் தவணையைக் குறைத்தோம். அவர்கள் சம்பா அறுவடை முடிந்து தருவதாகச் சொல்லும் குடும்பங்களுக்குப் பற்றுக் கொடுப்பதைக் குறைத்தார்கள். ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், "அண்ணே, நான் ஒரு தவணைகூடத் தவறினதில்லையே, எனக்கு ஏன் குறைக்கிறீங்க?" என்று கேட்டார். அன்றைக்கு நம்மிடம் பதில் இல்லை.

பதில் இந்த விகிதத்தில்தான் இருக்கிறது. 9 சதவீதக் கணக்கையே வைத்துப் பார்ப்போம். ஒரு வங்கி 100 ரூபாய் கடன் கொடுத்திருக்கிறது. அதன் கைமுதல் 9 ரூபாய். எங்கோ ஒரு பெரிய புள்ளி 4 ரூபாயை விழுங்கிவிட்டார். மிஞ்சிய கைமுதல் 5 ரூபாய். இந்த 5 ரூபாயை வைத்து விதிப்படி 55 ரூபாய்தான் கடன் நிறுத்த முடியும். பங்குதாரர்கள் புதுப் பணம் போட வேண்டும். இல்லையென்றால் கடனைச் சுருக்க வேண்டும். கைமுதலில் ஒரு ரூபாய் போனால் வெளியே 11 ரூபாய்க் கடன் சுருங்கும். பெரிய நிறுவனத்தின் கடனை உடனே திரும்ப வாங்க முடியாது. வருடா வருடம் புதுப்பிக்கும் நம் லிமிட்டைக் குறைப்பதுதான் சுலபம். விழுங்கியவர் ஒருவர், தவணை தவறாத ஒரத்தநாட்டுக்காரர் அதற்குப் பட்டினி கிடக்கிறார்.

"அப்படியானால் இந்த விதிதானே நம்மைக் கெடுக்கிறது, அதை எடுத்துவிடச் சொல்லலாமே" என்று நம் அன்பர்கள் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். நாம் அதை ஒப்பவில்லை. விதி இல்லாத காலத்தில் தஞ்சாவூர் என்ன ஆயிற்று என்று பார்த்தோம். கைமுதல் கேட்பது தவறு என்றால் நாம் மண்டியில் செய்வதும் தவறு.

உண்மையில் விதி நமக்குச் சாதகமாகவே ஒன்று சொல்கிறது. எல்லாக் கடனுக்கும் ஒரே எடை கிடையாது. சிறு வணிகருக்குக் கொடுக்கும் 100 ரூபாயை 75 ரூபாயாக எடை போட்டால் போதும் என்பது விதி. அதற்கு 6 ரூபாய் 75 காசு கைமுதல் போதும். தரச்சான்று இல்லாத நிறுவனத்துக்குப் பெருங்கடன் கொடுத்தால் 100 ரூபாய்க்கு 9 ரூபாயும் அதற்கு மேலும் வேண்டும். கடன் பலருக்குப் பரவியிருந்தால் வங்கிக்கு ஆபத்துக் குறைவு என்பதே காரணம். இந்தச் சலுகைக்கு ஒருவரின் கடன் உச்சவரம்பு 5 கோடியாக இருந்ததை 2020 அக்டோபரில் ஏழரைக் கோடியாக உயர்த்தினார்கள். ஆண்டு விற்றுமுதல் 50 கோடிக்குள் இருக்க வேண்டும். நம் சங்க உறுப்பினர்களில் அனேகமாக எல்லோரும் இதற்குள் அடங்குவார்கள். ஆகவே முதல் குறைந்த வங்கி முதலில் சிறு வியாபாரியின் லிமிட்டில் கை வைப்பது அதன் சொந்தக் கணக்குப்படியே தப்பு.

நம் பங்குக்கு நாம்

பிறரைச் சொல்லுமுன் நம்மையும் பார்க்க வேண்டும். 90 நாள் தவணை தவறினால் கடன் வராக்கடன் பட்டியலில் ஏறிவிடும். ஓ.டி. கணக்கில் 90 நாள் வட்டிக்கு ஈடாகக்கூட வரவு வராமல் இருந்தாலும் அதே கதிதான். ஏறியதும் வங்கி தன் லாபத்திலிருந்து ஒதுக்க வேண்டும். அங்கேயும் கைமுதல் தேய்கிறது. நம்மில் ஒருவர் தவறினால் அடுத்த கடைக்காரருக்குக் கதவு சாத்தப்படும். ஒரு வங்கியில் லிமிட் வைத்துக்கொண்டு, விற்பனைப் பணத்தை வேறு வங்கியில் கட்டும் வழக்கத்தையும் விட வேண்டும்.

உறுப்பினர்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. பட்டியலில் உள்ள வங்கிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாளிதழில் கணக்கு வெளியிடுகின்றன. லாபம் எவ்வளவு என்று மட்டும் பார்க்காமல் மூலதனப் போதுமை விகிதம், நிகர வராக்கடன் ஆகிய இரண்டு வரிகளையும் பாருங்கள். முன்னது காலாண்டுக்குக் காலாண்டு இறங்கி, பின்னது ஏறினால் ஜாக்கிரதை.

டெபாசிட் காப்பீடு 2020 பிப்ரவரியில் ஒரு லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்ந்தது. அது ஒருவருக்கு ஒரு வங்கியில் உள்ள எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து. தனி உரிமையாளர் கடையின் நடப்புக் கணக்கும், அவர் சொந்தப் பெயரில் உள்ள சேமிப்பும் ஒரே கணக்காகத்தான் சேரும். கடைப் பெயர் வேறு, நம் பெயர் வேறு என்று ஏமாற வேண்டாம். கும்பகோணம் பக்கத்தில் நமக்குப் பழக்கமான நிதி நிறுவனங்களுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. அங்கும் சொந்த நிதியைப் போல் இருபது மடங்குக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது என்று 2014ஆம் ஆண்டு விதி இருக்கிறது. கேட்டுப் பார்ப்பதில் வெட்கம் இல்லை.

வட்டி கூடுதல் என்று சொல்லி வங்கிப் பத்திரம் விற்க வந்தால், அது டெபாசிட்டா, மூலதனப் பத்திரமா என்று கேளுங்கள். கரூரில் தள்ளுபடியானது இரண்டாவது வகை.

2021 ஜூலையில் சில்லறை, மொத்த வணிகர்களையும் முன்னுரிமைக் கடனுக்காகச் சிறு தொழில் பட்டியலில் சேர்த்தார்கள். உத்யம் பதிவு செய்யாதவர்கள் உடனே செய்துகொள்ளுங்கள்.

சங்கம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. டெல்டாவின் வியாபாரம் அறுவடையோடு ஓடுவது. ஆகவே லிமிட் புதுப்பிக்கும் தேதியைக் குறுவைக்கும் சம்பாவுக்கும் நடுவே வராதபடி மாற்றித் தர வேண்டும், குறைப்பதாக இருந்தால் மூன்று மாதம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும், சிறு வணிகருக்கான 75 சதவீத எடையின் பயன் வட்டியிலும் தெரிய வேண்டும். இந்த மூன்று கோரிக்கைகளோடு நம் பிரதிநிதிகள் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் பார்க்க வேண்டும். அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஒரத்தநாட்டு அன்பர் அடுத்த முறை வந்து கேட்கும்போது நம்மிடம் பதில் இருக்கிறது. வெறும் பதிலோடு அவரை அனுப்பாமல் பழைய தவணையையும் கொடுத்து அனுப்பும் நிலை வர வேண்டும். அதற்கு, நம்மிடம் கடன் கேட்பவரிடம் கேட்கும் கேள்வியை, நம் பணத்தை வாங்கி வைத்திருப்பவரிடமும் கேட்கப் பழகுவோம்.